நீர் இறைத்த குழியும் அடுத்த வீட்டுச் சுவரும்

இக்கட்டுரையில் உறுதியாக அறிந்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. நான் பணியாற்றிய கட்டட நிறுவனத்தில் இராயப்பேட்டை வீடு ஒன்றைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்றில், கணவரை இழந்த ஒரு முதிய பெண்மணியைப் பொறியாளர்கள் வெளியே அழைத்து வந்த மறுகணம் அவர் வீடு சரிந்து விழுகிறது. புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு இதை எங்கள் விழிப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்களாம். மற்றதில் அந்தப் பெண்மணி இடிபாட்டில் சிக்கி இறக்கிறார். இது தேநீர் வேளையில் சொல்லப்படுவது. இரண்டும் நடக்கவில்லை.

அண்மையில் ஓர் இளைய பொறியாளர் என்னைப் பார்க்க வந்தார். இப்போதெல்லாம் அடுத்த வீட்டுச் சுவரில் சிறு கருவி ஒன்றைப் பொருத்திவிட்டு, சுவரின் அசைவை அலுவலகத்தில் இருந்தபடியே கைப்பேசியில் பார்க்கிறார்கள் என்றார். “உங்க காலத்துல எப்படி சார் பாத்தீங்க? அந்த ராயப்பேட்டை கேஸை எழுதிக் குடுங்களேன்” என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொன்னதைச் சொன்னதாகவும் பிரித்தே எழுதுவேன். இந்தப் பழக்கம் என் மேலாளர் வைத்தியநாதனிடமிருந்து எனக்கு வந்தது.

என் தொடக்க ஆண்டுகளை விரித்துரைக்கத் தேவையில்லை. அடையாற்றில் மருத்துவ ஆய்வகங்கள், தியாகராய நகரில் துணிக்கடைகள் எனப் பிறர் வரைந்ததைக் கட்டி நிறுத்தும் வேலையில் அவை கழிந்தன. வைத்தியநாதனின் கீழ் வந்த பிறகே வரைவதற்கு முன் பார்க்க வேண்டும் என்பதைக் கற்றேன். ஒரு பாத்திரக் கடையைப் புதுப்பிக்கும் பொறுப்பு வந்தபோது, அவர் எதிர்ச்சாரியில் ஒரு பிற்பகல் முழுவதும் நின்றுகொண்டிருந்தார். வாங்க வருபவர்கள் எங்கே நடையைத் தளர்த்துகிறார்கள், வாங்கியவர்கள் பையை எங்கே கீழே வைத்துக் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு என்னிடம், “வாங்கறவா எங்க நின்னு யோசிக்கறாளோ, அங்க நிழல் போடுங்கோ. மத்ததெல்லாம் அப்புறம்” என்றார்.

கொத்தனாரையும் சித்தாளையும்கூட அவர் மரியாதைப் பன்மையில்தான் அழைப்பார். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு செய்தியைக் கொண்டு போவது எளிதன்று. கம்பி கட்டி முடிந்தது என்றால், “பாத்தேளா, கேட்டேளா?” என்பார். கேட்டேன் என்றால் அத்துடன் பேச்சு முடிந்துவிடும். போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு கட்டடத்தைப் பற்றி “உறுதியாக இருக்கிறது” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “இன்னிக்கு நிக்கறது” என்பார். அந்த ‘இன்னிக்கு’ என்ற சொல்லைக் கேட்டு எரிச்சலடைந்த கடை முதலாளிகள் பலர்.

இராயப்பேட்டையில் எங்களுக்குக் கிடைத்த பணி, ஓட்டுக் கூரை போட்ட ஒரு பழைய கடை வரிசையை எடுத்துவிட்டு வணிக வளாகம் கட்டுவது. பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. மழைக்காலத்தில் ஒழுகும், வண்டி நிறுத்த இடமில்லாததால் வாங்க வருபவர்கள் நிற்காமல் போய்விடுவார்கள். பழைய வணிகர்களுக்கே தரைத்தளத்தைத் திருப்பித் தருவது, மேல் தளங்களைப் புதியவர்களுக்கு விடுவது, நிலத்துக்குக் கீழே வண்டி நிறுத்தம் அமைப்பது என்பது திட்டம். தெருவுக்கு மறுவாழ்வு என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லில் அன்று எனக்கும் நம்பிக்கை இருந்தது.

அங்கே மண் மணற்பாங்கானது; சற்றுத் தோண்டினாலே நீர் ஊறும். ஆகவே குழியைச் சுற்றிலும் குழாய்களை வரிசையாக இறக்கி, நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே அடித்தளம் போட வேண்டும். பாதியில் இறைப்பை நிறுத்தினால் நீர் மேலேறிக் குழியின் பக்கங்கள் சரியும். அக்கம்பக்கத்துக்கு அது இன்னும் கேடு. தொடங்கிவிட்டால் முடித்தே ஆக வேண்டிய வேலை அது.

குழியின் தென்புறத்தை ஒட்டி ஒரு பழைய வீடு இருந்தது. சுண்ணாம்புக் காரையில் செங்கல் வைத்துக் கட்டிய சுவர், ஆழமில்லாத அடித்தளம். அங்கே அன்வர் என்பவர் தம் மனைவி ஷம்ஷாத்துடனும் தாயாருடனும் வாடகைக்கு இருந்தார். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே அக்குடும்பம் அங்கே குடியிருந்தது. முன்னறையில் அன்வர் பயணப் பெட்டிகளையும் பள்ளிப் பைகளையும் பழுது பார்த்தார். வீட்டின் உரிமையாளர் அடையாற்றில் இருந்தார். அந்த வீடு எங்கள் வளாகத் திட்டத்தில் சேரவில்லை. ஆகவே மறுவாழ்வு பெறுவோரில் அன்வர் இல்லை.

நீர் இறைப்பதற்கு முன்பே அவ்வீட்டுச் சுவரில் மயிரிழை விரிசல்கள் இருந்தன. பழைய விரிசலா, இன்னும் வளர்ந்துவரும் உயிருள்ள விரிசலா என்று அறிய நாங்கள் கையாண்ட முறை எளிது. விரல் நீளத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் காரையால் சுவரோடு பதித்துவிடுவோம். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி முழுதாக இருக்கும். சிறிதே அசைந்தாலும் உடைந்துவிடும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது என்பதுதான் அம்முறையின் அடிப்படை.

முன்னறையிலும் கூடத்திலும் நானே கண்ணாடி பதித்தேன். உள்ளறையில் பதிக்கக் கேட்டபோது அன்வர் தயங்கினார்.

“தப்பா நெனைக்காதீங்க சார். அத்தா மௌத்தாகி இன்னும் ஒரு மாசம்கூட ஆவல. அம்மா இத்தால இருக்காங்க.”

கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமலும் அயல் ஆண்கள் முன் வராமலும் இருக்கும் காலம் இத்தா. எங்கள் குழியை ஒட்டிய சுவர் அந்த அறையில்தான் இருந்தது. வைத்தியநாதனிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அவா துக்கத்துல நாம சுத்தியலோட போய் நிக்கப்படாது” என்றார். கண்ணாடியையும் காரையையும் ஷம்ஷாத்திடம் கொடுத்து, கூடத்துச் சுவரில் ஒன்றைப் பதித்துக் காட்டினேன். அவர் உள்ளே போய் அதே போல் பதித்தார். அன்றாடம் காலையில் நான் மற்றவற்றைப் பார்த்து முடித்ததும் அவர் வாசலுக்கு வந்து, “முழுசா இருக்கு சார்” என்று சொல்வார். அதை நான் பதிவேட்டில் ‘கேட்டது’ என்றே குறித்து வந்தேன். வைத்தியநாதன் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துச் சற்று நிறுத்திவிட்டு, பிறகு அடுத்ததைப் படிப்பார். ஆயினும் இந்த ஓர் இடத்தில் மட்டும் “போய்ப் பாருங்கோ” என்று சொல்லவில்லை. இத்தா முடியும் வரை பொறுப்பது என்று பேசாமலே இருவரும் முடிவு செய்திருந்தோம்.

நீர் இறைக்கும் இயந்திரங்களைத் தேவராஜ் என்பவர் கவனித்தார். ஓயாமல் பேசுபவர். “இன்னா சார், மெரினாவே காலியாவப் போவுது. நாளிக்கி மீனு வந்தா சொல்றேன், ஒரு கொழம்பு வெச்சிரலாம்” என்பார். அவரிடம் ஒரு வேலையை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். குழாயிலிருந்து வரும் நீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து, அசைக்காமல் வைத்திருந்து, தெளிந்த பின் அடியைப் பார்க்க வேண்டும். அடியில் ஒன்றுமில்லை என்றால் நாங்கள் நீரை மட்டும் எடுக்கிறோம். மணல் படிந்திருந்தால் அடுத்த வீட்டின் காலடி மண்ணையும் எடுக்கிறோம்.

முதல் மழைக்குப் பிறகு ஒரு காலை தேவராஜ் பேசாமல் இருந்தார். வாளியை என் முன் வைத்தார்.

“கீது சார்” என்றார்.

அடியில் விரலால் கோடிழுக்கும் அளவுக்கு நுண்மணல் இருந்தது. இதை நானே பார்த்தேன். தென்புறக் குழாய் ஒன்றின் வடிகட்டும் வலை கிழிந்திருந்தது. கூடத்துக் கண்ணாடியைப் பார்க்க ஓடினேன், முழுதாக இருந்தது. ஷம்ஷாத் வழக்கம்போல் வாசலுக்கு வந்து “முழுசா இருக்கு சார்” என்றார். அன்று நான் நகரவில்லை. குழாயில் மணல் வந்திருப்பதையும் அது எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“ஒடஞ்சிருச்சி சார். மழ வந்த அன்னிக்கே. மாமி சொல்ல வேணாம்னாங்க.”

அன்வர் ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். “எங்கிட்டகூடச் சொல்லலியே நீ!”

“ஒங்ககிட்ட சொன்னா சார்கிட்ட சொல்லிடுவீங்கன்னாங்க.”

இத்தாவில் இருப்பவர் வெளியேற மனமில்லாமல் மறைக்கிறார் என்றே நான் எண்ணினேன். தாழ்ந்த குரலில் அன்வரிடம், உயிருக்கு ஆபத்து என்றால் வேறு வீட்டுக்கு மாறிக்கொள்ள வழியுண்டா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கலாமே என்றேன். உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை நான் கேட்டிராத குரல்.

“அதெல்லாம் மொதல்லயே கேட்டாச்சு தம்பி. வூடு ஆவாதுன்னா தாராளமா வேற எடத்துல இருந்துக்கலாம்னுதான் ஹஜ்ரத்து சொன்னாரு. நான் இத்தாவுக்காகக் குந்திக்கினு இல்ல. இந்த வாசப்படியத் தாண்டினா திரும்ப உள்ள வுட மாட்டான் வூட்டுக்காரன். அதுக்காகக் குந்திக்கினு கீறேன்.”

எத்தனையோ நாட்களாக நாங்கள் மதித்து ஒதுங்கி நின்றது எதை என்று அப்போது புரிந்தது. அவர் துக்கத்துக்கு மரியாதை செய்கிறோம் என்று எண்ணி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டோம். கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், திரை மெல்லியது.

வைத்தியநாதன் அன்று பிற்பகலே வந்தார். காலணியைத் தெருவில் கழற்றிவிட்டுக் கூடத்தில் திரைக்கு முன் தரையில் அமர்ந்தார். அன்வர் நாற்காலி கொண்டு வந்ததற்கு வேண்டாம் என்று கையசைத்தார்.

“அம்மா, கண்ணாடி ஒடைஞ்சிருக்கு. செவுரு நகர்ந்திருக்கு.”

“வுழுந்துடுமா?”

“தெரியாதும்மா.”

“நிக்குமா?”

“அதுவும் சொல்ல முடியாது.”

திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. “எங்க வூட்டுக்காரரும் இப்டித்தான். சோறு போதுமான்னா தெரியாதும்பாரு, இன்னும் வெக்கட்டுமான்னா தெரியாதும்பாரு. படிச்சவரு நீங்க, ஒண்ணாவது தெரிஞ்சிக்கினு வரக் கூடாதா?”

வைத்தியநாதனும் சிரித்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தினால் என்ன ஆகும், நிறுத்தாவிட்டால் என்ன ஆகும், வலையை மாற்றினால் மணல் நிற்க வாய்ப்பு எவ்வளவு என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். நீர் இறைப்பு முடிந்ததும் சுவரை எங்கள் செலவில் செப்பனிட நிறுவனத்திடம் கேட்பதாகவும், அவர்கள் திரும்பி வருவது உரிமையாளர் கையில் இருப்பதாகவும், அதில் தமக்கு அதிகாரம் இல்லை என்பதையும் சொன்னார்.

பிறகு அந்தப் பெண்மணி கேட்டார்: “இது ஒங்க வூடா இருந்தா, உள்ள ஒங்க அம்மா இருந்தா?”

“கூட்டிண்டு போயிடுவேன்” என்றார் வைத்தியநாதன்.

வெளியே வந்ததும் என்னிடம், “கடைசியாச் சொன்னத எழுதாதீங்கோ. அது அளவு இல்ல” என்றார். அன்று எழுதவில்லை, இன்று எழுதுகிறேன்.

அந்த ஒரு சொல்லின்மேல் அவர்கள் புறப்பட்டார்கள். மறுநாள் திருவல்லிக்கேணியில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பெண்மணி முகத்தையும் உடலையும் முழுதும் மூடிய துணியுடன் ஆட்டோவில் ஏறியதைத் தூரத்திலிருந்து கண்டேன். ஏறுவதற்கு முன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார் என்று இப்போது கதை சொல்கிறவர்கள் சேர்க்கிறார்கள். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

அன்றே உள்ளறைக்குள் முதன்முறையாகப் போனேன். உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதைப் பதித்தேன். தேவராஜ் வடிகட்டும் வலையை மாற்றினார். நிறுவனத்துக்கும் வீட்டு உரிமையாளருக்கும் ஓர் அறிக்கை தர வேண்டியிருந்தது. நீர் இறைப்பு முடிந்து மறு ஆய்வு நடக்கும் வரை இவ்வீட்டில் எவரும் குடியிருக்கக் கூடாது என்று எழுதினேன். வைத்தியநாதன் அதைப் படித்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் ஒப்பமிட்டார்.

அதன் பிறகு வாளியின் அடியில் மணல் படியவில்லை. உள்ளறைக் கண்ணாடியை இப்போது அன்றாடம் என் கண்ணாலேயே பார்த்தேன். அது உடையவில்லை. அடித்தளம் போட்டு முடித்தோம், இறைப்பை நிறுத்தினோம், நீர் பழைய மட்டத்துக்கு ஏறியது. அப்போதும் உடையவில்லை. மறு ஆய்வு செய்து, சுவரைச் செப்பனிட்டுக் குடியிருக்கலாம் என்று கருதினோம். செப்பனிடும் செலவுக்கு நிறுவனமும் இசைந்தது.

ஆனால் வீட்டுக் கதவில் உரிமையாளர் தம் பூட்டைப் போட்டிருந்தார். வைத்தியநாதனும் நானும் அடையாற்றில் அவரைப் பார்க்கப் போனோம். மரியாதையாக உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். என் அறிக்கையை அவர் மேசைமேல் வைத்திருந்தார்.

“நீங்கதானே சார் யாரும் இருக்கக் கூடாதுன்னு எழுதினீங்க?”

“எறைப்பு முடியற வரைக்கும்னு எழுதியிருக்கோம். முடிஞ்சுடுத்து. செவுரு இன்னிக்கு நிக்கறது” என்றார் வைத்தியநாதன்.

“இன்னிக்கு நிக்குது சரி. அடுத்த மழைக்கி? பாய் குடும்பம் உள்ள இருக்கச்சே விழுந்தா போலீஸு எங்கிட்டதானே வரும்? ஒண்ணு பண்ணுங்க சார். இந்த வீடு நிக்கும்னு ஒரு வரி எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே சாவியத் தரேன்.”

எழுதுகோலையும் அவரே எடுத்து வைத்தார். அவர் உண்மையிலேயே அஞ்சினாரா, காலி மனைக்கு விலை வந்திருந்ததா என்பதை நான் விசாரிக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் முறையானது.

வைத்தியநாதன் எழுதுகோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறி அதன்மேல் ஆடை படிந்தது. ஒரு சுவர் நிற்கும் என்று அவர் வாழ்நாளில் எழுதியதில்லை. அன்றும் எழுதவில்லை. உரிமையாளர் என் பக்கம் திரும்பி, “நீங்க?” என்றார். நானும் எழுதவில்லை. அதைத் தவறென்று இன்றும் நான் எண்ணவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதும் பொறியாளரிடம் ஒரு சுவரையும் ஒப்படைக்க முடியாது. ஆனால் திரும்பி வரும் வழியில், அடையாற்றுப் பாலத்தைக் கடந்த பிறகு அவர், “அந்தம்மாகிட்ட மட்டும் எப்படிச் சொன்னேன்?” என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்டதாகத் தோன்றவில்லை.

அன்வர் வழக்குத் தொடுக்க எண்ணினார் என்றும், உறவினர்கள் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள் என்றும் தேவராஜ் சொன்னார். இது கேட்டது. வீடு இடிக்கப்பட்டதை நான் பார்த்தேன். ஓடுகளையும் மரச் சட்டங்களையும் முதலில் இறக்கினார்கள். மற்றச் சுவர்கள் விரைவில் சாய்ந்தன. குழியை ஒட்டிய அந்தச் சுவருக்குத்தான் அதிக நேரம் ஆனது. கடப்பாரைக்காரர்களில் ஒருவர், “இன்னா சுண்ணாம்பு போட்டான்யா, வுட மாட்டேங்குது” என்று திட்டியது என் காதில் விழுந்தது. கண்ணாடித் துண்டு சுவரோடு கீழே போனது. அதுவரை முழுதாகத்தான் இருந்தது.

வளாகம் திறக்கப்பட்டது. பழைய வணிகர்கள் தரைத்தளத்துக்குத் திரும்பினார்கள். வியாபாரம் கூடியது என்று அவர்களே சொல்கிறார்கள். காலி மனை விற்கப்பட்டு, வளாகத்தின் இரு சக்கர வண்டி நிறுத்தமாக இருக்கிறது. வைத்தியநாதன் அதற்குப் பிறகு அதிக காலம் பணியில் இல்லை. கடைசிவரை அந்தத் தெரு வழியாக அவர் வரவில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் வேறு தெரு வழியாகச் சுற்றி வருவார். இதுவும் நான் பார்த்ததே.

பல ஆண்டுகள் கழித்துத் தியாகராய நகர்ச் சந்தடியில், பயணப் பெட்டிகள் விற்கும் ஒரு கடையின் வாசலில் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்த அன்வரைக் கண்டேன். கடை வேறொருவருடையது, அவர் அங்கே கூலிக்கு இருந்தார். குடியிருப்பு புறநகரில். எழுந்து நின்று கைகொடுத்தார். தாயாரைக் கேட்டேன்.

“அம்மா மௌத்தாயிட்டாங்க சார். இத்தா முடிஞ்சி ரெண்டு வருசம் இருந்தாங்க. எந்த வூட்டுக்குப் போனாலும் பெட்டியப் பிரிக்கவே மாட்டாங்க. பிரிச்சா மறுபடி கட்டணுமேம்பாங்க.”

ஒரு வாடிக்கையாளர் வந்து பையை நீட்டினார். வாங்கி வைத்துவிட்டு, அன்வர் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ரொம்ப நாளா கேக்கணும்னு சார். நாங்க போவாம அங்கியே இருந்திருந்தா… வுழுந்திருக்குமா?”

தெரியாது என்று சொன்னேன். அவர் தலையசைத்தார், அந்த விடையையே எதிர்பார்த்தவர் போலிருந்தார். பிறகு பையின் கிழிசலைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்.

அவருக்குச் சொன்னதற்கு மேல் இன்றும் என்னால் சொல்ல முடியாது. மழையன்று உள்ளறைச் சுவர் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியாது. உடைந்த கண்ணாடி, சுவர் நகர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். வலையை மாற்றியதால் அந்த நகர்வு நின்றதா, அதற்கு முன்பே நின்றுவிட்டதா என்பது தெரியாது. அக்குடும்பம் உள்ளே இருந்திருந்தால் அவர்களுக்கு ஏதேனும் நேர்ந்திருக்குமா என்பது தெரியாது. சுவர் இல்லாததால் இவற்றை இனி அறிய வழியும் இல்லை.